அப்பாவின் மீட்புப் பணி ஆல்பம்

கேள்வி: 2004 சுனாமியின்போது குளச்சலில் மீட்புப் பணி செய்த அப்பாவின் படங்கள் பழைய ஆல்பத்தில் ஒட்டிக் கிடக்கின்றன. 2017 ஒக்கிப் புயல் நேரத்துப் படங்கள் வாட்ஸ்அப்பில் உள்ளன. டிஜிட்டல் ஆல்பமாக்குவது எப்படி?
– வாசகி, தக்கலை

பதில்: ஒட்டிய படங்களைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள். கடற்கரை ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு பிளாஸ்டிக் தாளோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகமே உரிந்து வரும். பக்கத்தோடு சேர்த்து 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். அப்போதுதான் இருமடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. தனியாக இருக்கும் படங்களின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தேதியும் பெயர்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பத்திரிகைத் துணுக்கின் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து தெரியாது.

வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கிவிடும், எடுத்த தேதியும் அழிந்துவிடும். எடுத்தவரிடமே மூலப்படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். கோப்புக்கு '2004-12-26_குளச்சல்_01' என்று பெயரிட்டால் வரிசை தானே அமையும்.

300 டிபிஐயில் அச்சிட, ஏ4 பக்கத்துக்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும். பக்கத்துக்கு இரண்டு, மூன்று படம் போதும். அப்பா சொல்வதை அவர் குரலிலேயே பதிந்து, அதிலிருந்து குறிப்பு எழுதுங்கள். இதுதான் ஆல்பத்தின் உயிர். இறந்தவர்களின் உடல் தெரியும் படங்களைச் சேர்க்க வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்றும் இங்கேதான் வாழ்கின்றன. எழுத்துரு உடையாமலிருக்க பிடிஎஃப் ஆக்கி, மூன்று பிரதி வையுங்கள். ஒன்று வெளியூர் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.