வேகம் ஏறி இறங்கும் புல்வெட்டி: கேபிளுக்கு முன் கார்புரேட்டரைப் பாருங்கள்

வணக்கம். பிறர் பயன்படுத்திய புல்வெட்டும் இயந்திரத்தை வாங்கியதாகவும், த்ராட்டில் லீவரை முழுவதும் தள்ளினாலும் எஞ்சின் ஒரே வேகத்தில் நிற்காமல் ஏறி இறங்குவதாகவும், ஆகவே லீவரை எஞ்சினோடு இணைக்கும் கேபிளை மாற்ற எண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கேபிளை இப்போதே வாங்க வேண்டாம். இந்த அறிகுறி பெரும்பாலும் எரிபொருள் போதாமல் வருவது.

எஞ்சின் சூடேறி ஓடும்போது சோக்கை, அதாவது உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் மூடியை, பாதியளவு மூடிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் அடங்கினால், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை செல்கிறது என்று பொருள். நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பிசுக்காகி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் செல்லும் நுண்ணிய ஜெட் துளையை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து, மெல்லிய செப்பு இழையால் துளையை மெதுவாகத் திறவுங்கள். ஊசியால் குத்தினால் துளை அகன்றுவிடும். சில மாடல்களில் கிண்ணத்தைப் பிடிக்கும் போல்ட்டிலேயே ஜெட் இருக்கும். அதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சோக்கை மூடியும் மாற்றமில்லை எனில், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் கழற்றி மாட்டியபோது வேறு துளையில் கோத்திருக்கலாம். அதை வளைத்து வேகத்தைக் கூட்ட மட்டும் தயவுசெய்து முயலாதீர்கள். இவ்வகை எஞ்சின்கள் பொதுவாக நிமிடத்திற்கு 3,600 சுற்றுகளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளேடு உடைந்து தெறிக்கக்கூடும்.

எதையும் கழற்றுமுன் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் ஒயரை எடுத்துவிடுங்கள்; பிளேடு கையால் சற்றே சுழன்றாலும் எஞ்சின் உயிர்பெறலாம்.