அஸ்பெஸ்டஸ் கூரையும் சொசேஜும் ஒரே பிரிவிலா?

கேள்வி: டீச்சர், எங்கள் வீட்டுக் கூரை 30 வருடத்து அஸ்பெஸ்டஸ் தகடு. இரண்டு இடத்தில் ஒழுகுவதால் அடுத்த மாதம் கூரை வேலை செய்யும் பாஸ் வந்து மாற்றப்போகிறார். மகன் போனில் ஒரு பட்டியலைக் காட்டி, "இது புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவு, இதற்குக் கீழே படுக்கவே கூடாது" என்கிறான். பார்த்தால் அதே பிரிவில் சொசேஜும் இருக்கிறது! கணவரோ, "அப்படிப் பார்த்தால் எல்லாமே விஷம்தான்" என்று சொல்லி சிகரெட்டைப் பற்றவைக்கிறார். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: மகன் காட்டியது சரியான பட்டியல்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ், பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தயாரிப்பது. ஆனால் முதலாம் பிரிவு என்றால், "இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு" என்று மட்டும்தான் அர்த்தம். எந்த அளவுக்கு ஆபத்து என்று அது சொல்வதில்லை. சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி 2015இல் அதில் சேர்ந்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம் கூடுகிறது. நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்பதல்ல. ஏற்கெனவே இருக்கிற சிறிய வாய்ப்பு, அதில் 18 சதவீத அளவுக்குக் கூடுகிறது. எப்போதாவது பிள்ளைக்கு இரண்டு பொரித்துக் கொடுத்ததற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

சரி, கூரைக்கு வருவோம். ஆபத்து எவ்வளவு என்பது, மூச்சோடு உள்ளே போகும் அஸ்பெஸ்டஸ் நார் எவ்வளவு, எத்தனை காலம் என்பதில்தான் இருக்கிறது. வெடிக்காத, உதிராத தகட்டில் நார்கள் சிமெந்தோடு இறுகிக் கிடக்கும். மேலே சும்மா கிடக்கும்போது காற்றில் கலப்பது மிகக் குறைவு. பயப்பட வேண்டியது பாஸ் வந்து கிரைண்டரால் தகட்டை வெட்டும் அந்த ஒரு நாளுக்கு.

வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டில் இப்படித்தான் வெட்டினார்கள். அரை மணித்தியாலத்தில் எங்கள் கொடியில் காய்ந்த சேலை முழுக்கச் சாம்பல் தூசு. வெட்டிய பையனுக்கு இருபது வயதிருக்கும். கண்ணிமை மயிர் வெளுத்துப் போயிருக்க, அதே கையால் பிளேன்டீ வாங்கிக் குடித்தான். தண்ணீர் தெளித்து வேலை செய் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது. இந்தத் தூசால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடங்கள்கூட ஆகும். அந்தப் பையனை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் பாஸிடம் முதலிலேயே பேசுங்கள். கிரைண்டர் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். தகட்டை நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கட்டும். துணி மாஸ்க் இந்த நாருக்குப் போதாது; நுண்ணிய தூசையும் வடிகட்டும் பி100 வகை மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டாம். விழுந்த தூசை விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பாஸ் உடுப்பை அங்கேயே மாற்றிவிட்டுப் போகட்டும். தூசு படிந்த உடுப்பை வீட்டில் துவைத்த மனைவிமாருக்கே இந்த நோய் வந்திருக்கிறது. கழற்றிய தகடுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றுங்கள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மாநகர சபையில் கேளுங்கள். புதிதாகப் போடும்போது அஸ்பெஸ்டஸ் கலக்காத தகடாகக் கேட்டு வாங்குங்கள். மாற்றாமல் விடும் பழைய தகடுகளில் பாசி பிடித்திருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க விடாதீர்கள்.

அப்புறம் உங்கள் கணவர். சிகரெட்டும் அதே முதலாம் பிரிவுதான். ஆனால் அவர் அதைத் தினமும், நேராக நெஞ்சுக்குள்ளே இழுக்கிறார். அஸ்பெஸ்டஸ் தூசும் புகையும் ஒரே நுரையீரலில் சேர்ந்தால், நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்ப்பதைவிட அதிகம். உங்கள் வீட்டில் கூரையை விட அவசரமான விஷயம் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.