எழுதத் தெரியாதவரைக் கேட்க வேண்டாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஓர் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கவ்வாத்து வெட்டிய என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். 1972-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையை, நான் கோவையில் வீடு வாங்க அப்படியே எடுத்துத் தந்தார். எட்டு வாரத்தில் வரும் முதலாண்டுத் திதிக்கு ஒரு நினைவு மலர் அச்சிட விரும்புகிறேன். எழுத உட்கார்ந்தால் 'கடின உழைப்பாளி, குடும்பமே உலகம் என்று வாழ்ந்தவர்' என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. அம்மா இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்கும், அப்பாவைப் பற்றி அவரிடம் கேட்காமல் விட்டதற்கும் என்ன தொடர்பு என்று மூன்று முறை படித்தும் எனக்கு விளங்கவில்லை. சட்டப்படி ஆண்டுக்கு 15 நாள் கூலி என்று கணக்கிட்டால் அந்தப் பணிக்கொடை 465 நாள் கூலி. இருவரும் முதுமைக்கென்று வைத்துக்கொள்ள வேண்டிய பணம். அதை உங்களுக்குத் தர அம்மாவும் சம்மதித்திருப்பார் அல்லவா? சம்மதிப்பதற்குத் தேவைப்படாத படிப்பு, நினைவுகூர மட்டும் எதற்கு?

'கடின உழைப்பாளி' என்ற சொல் எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இருக்கிறது. அதற்குள் ஆளைத்தான் காணவில்லை. கவ்வாத்து என்பது நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி இறக்கும் வேலை. வெட்டு சாய்வாக, நார் பிளக்காமல் விழாவிட்டால் தண்ணீர் தங்கித் தண்டு அழுகிவிடும். அப்படி அவர் வெட்டிய சரிவுகளில் பிறகு துளிர்த்த கொழுந்தைக் கிள்ளியவர் உங்கள் அம்மா. உங்கள் அப்பாவின் கத்தி எப்படி வேலை செய்தது என்பது அம்மாவின் விரல்களுக்குத் தெரியும். வேறு யாரிடம் போய்க் கேட்கப் போகிறீர்கள்?

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும் வகுத்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்களைக் கேட்டு அந்த எண்களை எழுதவில்லை. உங்கள் அப்பா கப்பலேறியது அந்தக் கணக்கில்தான். அவருடைய மகனாகிய நீங்களும் வீட்டில் இருப்பவரைக் கேட்காமலேயே அவரது வாழ்க்கையை எழுதி முடிக்கப் பார்க்கிறீர்களே என்பதுதான் என் கோபம். தகப்பனின் பெயரைச் சொல்லும் கடமை மகனுக்கு உண்டு என்று நம்புகிறவன் நான். தாயைத் தாண்டிப் போய் அதைச் செய்யும் உரிமை அவனுக்கு இல்லை என்றும் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாட்களில் அவர் கொழுந்தை எடை போட்டுவிட்டு அலுத்து வருவார். முதல் நாளே கைப்பேசியைப் பதிவுக்கு எடுத்து வைக்காதீர்கள். அவர் தேத்தண்ணி போடும்போது, அப்பா கத்தியை எப்போது தீட்டுவார் என்று மட்டும் கேளுங்கள். கப்பலும், வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமும், கல்யாணமும் அவை வரும் வரிசையில் வரட்டும். அவருடைய சொற்களைப் புத்தகத் தமிழாக்கித் திருத்த வேண்டாம். அப்பாவின் கோபத்தையோ கடனையோ அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்தால் மறுபடியும் 'கடின உழைப்பாளி'யில்தான் வந்து நிற்பீர்கள். எழுதி முடித்ததும் முழுவதையும் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, "அப்படியில்லை" என்று அவர் சொல்லும் இடங்களையெல்லாம் மாற்றுங்கள்.

திதிக்கு எட்டு வாரம் இருக்கிறது என்கிறீர்கள். அச்சகத்துக்கு இரண்டு வாரம் போதும்.