கம்பு கை நழுவினால்…

கேள்வி: அம்மா, எனக்கு 27 வயது. ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். படிக்கிறேன் என்று சொல்வதுகூடத் தப்பு. டைம் டேபிள் போடுவேன், பத்து நாள் ஓடும், ஒரு நாள் தவறும், அதோடு சரி. ஜிம்முக்குப் பணம் கட்டியதும் அப்படித்தான் போனது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனில் கராத்தே, சிலம்ப வீடியோக்களாகப் பார்க்கிறேன். அந்த மன உறுதி எனக்கு வராதா என்று ஏக்கமாக இருக்கிறது. தற்காப்புக் கலை கற்றால் ஒழுக்கம் வருமா? இந்த வயதில் போய்ச் சேர்ந்தால் சிரிப்பார்களா? என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

‘பத்து நாள் ஓடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் நின்றுவிட்டேன். உங்களுக்குத் தொடங்கத் தெரிகிறது, பத்து நாள் தாக்குப்பிடிக்கவும் தெரிகிறது. பதினோராம் நாள் தவறிவிட்டால் பன்னிரண்டாம் நாள் என்ன செய்வது என்பதை மட்டும் உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் ஒரு சிலம்ப ஆசான்.

நான் கம்பைத் தொட்டது 41 வயதில். பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கண்மாய்க்கரையில் சாயங்காலம் நடந்த களத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் பத்து, பன்னிரண்டு வயது. சிரித்தார்களா என்றால், முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஒரு சிறுமி என் காலருகே குனிந்து, “டீச்சர், குதிகாலைத் திருப்புங்க” என்று சரிசெய்தாள். மூன்றாம் நாளிலிருந்து என்னை யாரும் கவனிக்கவில்லை. அவரவர் காலைப் பார்க்கவே அவரவருக்கு நேரம் போதவில்லை.

கம்பு சுழற்றலாம் என்று போன எனக்குப் பல வாரங்கள் கம்பே கிடைக்கவில்லை. காலடி மட்டும்தான். வெறுங்காலோடு மண்ணில் நிற்க வேண்டும். ஆசான் பெருவிரலால் தரையில் கோடு கிழிப்பார். அதில் முன்வைத்து, பின்வாங்கி, திரும்பி, மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும். கை இரண்டும் சும்மா இருக்கும். சலித்துப்போய், “எப்போ கம்பு தருவீங்க?” என்று கேட்டேன். “கால் கேட்கட்டும், தர்றேன்” என்றார். அன்றைக்குப் புரியவில்லை. பிறகு கம்பு கைக்கு வந்தபோது தெரிந்தது. வீச்சின் விசை மணிக்கட்டில் பிறப்பதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். அது பாதத்தில் கிளம்பி, இடுப்பு திரும்பி, தோள் வழியாகக் கைக்கு வருகிறது. கால் தப்பாக நின்றால் கை எவ்வளவு முறுக்கினாலும் கம்பு தட்டுத்தடுமாறும், சில சமயம் சொந்த முழங்காலிலேயே விழும்.

ராத்திரி ஒரு மணிக்கு நீங்கள் பார்ப்பது வீச்சு, தம்பி. காலடியை யாரும் படம் பிடிப்பதில்லை. உங்கள் டைம் டேபிளிலும் இதே கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து நாலு மணி நேரம் படிப்பது என்று போட்டிருப்பீர்கள். ஒரு மணிக்குத் தூங்குகிறவருக்கு ஐந்து மணி என்பது கால் ஊன்றாமல் வீசுகிற வீச்சு. பத்து நாள் ஓடியதே பெரிது.

களத்தில் இன்னொன்றும் உண்டு. எந்த நாளானாலும் முதலில் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, சலாம் வரிசை என்கிற வணக்க அடிகளைப் போட்டுத்தான் தொடங்க வேண்டும். நன்றாக ஆடுகிறவருக்கும் அதுதான், நேற்றுச் சேர்ந்தவருக்கும் அதுதான். முதலில் இதை மரியாதை என்று மட்டும் நினைத்திருந்தேன். நாள்பட நாள்பட அதற்குள் வேறொரு வேலையும் நடப்பதைக் கண்டேன். பள்ளியில் தலைவலி, வீட்டில் சண்டை, எதுவாக இருந்தாலும் கை மண்ணைத் தொட்டதும் உடம்பு அடுத்த அடிக்குத் தயாராகிவிடும். இன்றைக்குப் பயிற்சி செய்வதா வேண்டாமா என்று மனதோடு வாதாட வேண்டிய வேலையே இல்லை. நாம் பெரும்பாலும் தோற்பது அந்த வாதத்தில்தான்.

இனி, நான் விட்டுப்போன கதை. எட்டாவது மாதமோ என்னவோ, திருப்பு வீச்சில் கம்பு என் கணுக்காலிலேயே பட்டு வீங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. நான் போகவில்லை. ஒரு வாரம் கழிந்தது, பிறகு ஒரு மாதம், பிறகு இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம். நாலு மாதம் அந்தக் கண்மாய்க்கரை வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது ஆசான் எதிரே நின்றார். ஏன் வரவில்லை என்று கேட்பார், சமாதானம் சொல்லலாம் என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. “நாளைக்குச் சலாமிலிருந்து போடுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் போனேன். சலாமிலிருந்து போட்டேன். கால் தடுமாறியது, கை கொப்பளித்தது, ஆனால் ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். நாலு மாதக் கணக்கை அந்தக் களத்தில் என்னைத் தவிர யாரும் வைத்திருக்கவில்லை.

கம்பு கை நழுவி விழுவது தினமும் நடக்கிற காரியம். விழுந்தால் எடுத்து, முதல் அடியிலிருந்து தொடங்குவார்கள். கம்பைத் திட்டுவதோ கையைத் திட்டுவதோ கிடையாது. ஜூடோவிலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். கானோ ஜிகோரோ என்பவர் 1882-இல் டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் வெறும் 12 பாய் விரித்துத் தொடங்கிய பள்ளி அது. அங்கே புதிதாக வருகிறவர் மற்றவரைத் தூக்கிப்போடக் கற்பதற்கு முன், அடிபடாமல் விழக் கற்கிறார். கருப்புப் பட்டையின் முதல் படிக்கு அவர்கள் வைத்த பெயர் ஷோடான். தொடக்கநிலை என்று பொருள். எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிற பட்டை அது.

நம் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லும் ‘ஒழுகு’ என்பதிலிருந்து வந்ததுதான். தண்ணீர் ஒழுகுகிறது என்கிறோமே, அந்த ஒழுகுதல். மெல்லிசாக, விடாமல். நடுவில் ஒரு கல் வந்தால் சற்றே நின்று, பக்கவாட்டில் வழி பிடித்துப் போகும். ஒழுக்கம் என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது என்று உங்களுக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். தவறிய நாளில் உங்களை நீங்களே வெறுப்பது அதனால்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். கலையைக் கற்றால் ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். களத்தில் மின்னலாக ஆடிவிட்டு, வெளியே வந்தால் ஒரு வேலையையும் நேரத்துக்கு முடிக்காதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். களத்து முறையைக் கையோடு மேசைக்கு எடுத்து வந்தால்தான் வரும். எனக்கு அது விளங்கியது இடக்கையில் ஆடப் பழகியபோது. வலக்கையில் ஓரளவு வந்தபின், இடக்கையில் அதே வீச்சைப் போடச் சொன்னார் ஆசான். மறுபடி முதல் நாள் பிள்ளை ஆனேன். ஆனால் எப்படிக் கற்பது என்பது இப்போது தெரிந்திருந்தது. மெதுவாக, காலிலிருந்து, துண்டு துண்டாக. உங்கள் தேர்வுப் படிப்பை இடக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஒரு சலாம் வையுங்கள். கடையிலிருந்து வந்து முகம் கழுவியதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டில் தேதி எழுதுங்கள். அதுதான் சலாம். அதன்பின் இருபது நிமிடம், ஒரே பாடம், ஐந்து கணக்கு. முதல் மாதம் இதற்கு மேல் வேண்டாம், ஆர்வம் வந்தாலும் எழுந்துவிடுங்கள். உடம்பு சரியில்லாத நாளில் உட்கார்ந்து தேதி மட்டும் எழுதிவிட்டு எழுந்திருங்கள், அது போதும். ஒரு நாள் முழுக்கத் தவறிவிட்டால் அடுத்த நாள் இரண்டு மடங்கு படித்து ஈடுகட்டாதீர்கள். அந்த ஈடுகட்டல்தான் இதுவரை உங்களைக் கவிழ்த்திருக்கிறது. சலாமிலிருந்து போடுங்கள், அவ்வளவுதான்.

சிலம்பமும் கற்றுக்கொள்ளுங்கள், எனக்கு அதில் மிகுந்த ஆசை. 27 வயது ஒரு தடையே இல்லை. சேருமுன் இரண்டு மூன்று சாயங்காலம் சும்மா போய் ஓரமாக நின்று பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளையிடம் ஆசான் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்காதீர்கள், மந்தமான பிள்ளை மூன்றாம் முறை தப்புச் செய்யும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஆறே மாதத்தில் பட்டை, சான்றிதழ் என்று பேசும் இடம் உங்களுக்கு வேண்டாம். தமிழக அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டுக்குள் 2021-இல் சிலம்பமும் வந்தது, நல்ல செய்திதான். அதை எண்ணி மட்டும் போனால் பதக்கம் கிடைக்காத முதல் போட்டியோடு நின்றுவிடுவீர்கள்.

‘என்மேல் எனக்கே வெறுப்பு’ என்று எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நினைப்பு வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், 14416-க்குப் போன் செய்து பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை. மூட்டு வலிக்கு வைத்தியரிடம் போவது போலத்தான் இதுவும்.

கம்பு வாங்க இப்போதே கடைக்கு ஓடாதீர்கள். நேராக நின்றால் உங்கள் நெற்றி அளவுக்கு வர வேண்டும் அது. காலடி முடிந்ததும் ஆசானே உங்களைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து வெட்டிக் கொடுப்பார்.