ஸ்டென்ட் வைத்து 3 வருடமாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. 3 வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோவில் அடைப்பு தெரிந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் உண்டு. இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை, தினமும் நடக்கிறேன். கொழுப்பு மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா? இனிமேல் என்ன ஆபத்து வரக்கூடும்?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஸ்டென்ட் என்பது அடைத்த இடத்தைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். அது சரிசெய்தது ஓர் இடத்தை மட்டும்தான். கொழுப்பு அப்படி ஒரே இடத்தில் படிவதில்லை. இதயத்தின் மற்ற ரத்தக்குழாய்களிலும் ஆங்காங்கே 30, 40 சதவீதம் என்று படிந்திருக்கும். அவை ரத்த ஓட்டத்தைத் தடுப்பதில்லை, வலியும் தருவதில்லை. ஆனால் பல மாரடைப்புகள் இந்தச் சின்னப் படிவுகளிலிருந்துதான் வருகின்றன. படிவை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால், அங்கே ரத்தம் மளமளவென்று உறைந்து குழாயையே அடைத்துவிடும். நேற்றுவரை நன்றாக நடந்தவருக்கு இன்று மாரடைப்பு வருவது இப்படித்தான்.

அந்தச் சவ்வைத் தடிமனாக்கிக் கிழியாமல் காப்பது கொழுப்பு மாத்திரை. கிழிந்தாலும் ரத்தக்கட்டி பெரிதாகாமல் தடுப்பது ஆஸ்பிரின். ரிப்போர்ட்டில் கொழுப்பு 'நார்மல்' என்று வந்ததும் சிலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தானே! அதோடு, லேப் தாளில் போட்டிருக்கும் அளவு உங்களுக்கானது அல்ல. உங்கள் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 70-க்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல் 55-க்கும் கீழே என்கிறது. கல்லீரல் பெரிதாகப் பாதிக்கப்படுவது மிக அரிது. தசைவலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். ஸ்டென்ட் வைத்ததும் கொடுக்கும் இரண்டு ரத்தக்கட்டித் தடுப்பு மாத்திரைகளில் ஒன்றை, சில மாதங்களிலோ ஒரு வருடத்திலோ டாக்டரே நிறுத்துவது வழக்கம். எல்லாவற்றையும் நிறுத்தலாம் என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, மீதி அடைப்புகளுக்கும் இப்போதே ஸ்டென்ட் வைத்துவிட்டால் என்ன? பலர் கேட்பதுதான். 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில் 5,179 பேர் இருந்தார்கள். நோய் நிலையாக இருப்பவர்களுக்கு, நல்ல மருந்துகளோடு ஸ்டென்டோ பைபாஸோ சேர்த்தும் மாரடைப்பும் மரணமும் குறிப்பிடும்படி குறையவில்லை, நெஞ்சுவலிதான் குறைந்தது.

மாரடைப்பு தவிர இன்னொரு ஆபத்து, இதயத்தின் பம்பிங் மெல்ல மெல்லக் குறைவது. படி ஏறினால் மூச்சு வாங்குவது, மல்லாந்து படுக்க முடியாமல் போவது, கால் வீங்குவது, மூன்றே நாளில் 2 கிலோ எடை கூடுவது, இதெல்லாம் அதன் அடையாளம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள். பம்பிங் ரொம்பக் குறைந்தவர்களுக்கு இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகிவிடும் ஆபத்தும் உண்டு.

சர்க்கரை இருப்பதால் உங்கள் விஷயத்தில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. மாரடைப்பு வந்தாலும் உங்களுக்கு வலி தெரியாமலே போகலாம். திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், காரணமில்லாத களைப்பு, 'கேஸ்' போன்ற நெஞ்செரிச்சல் என்றால் சோடா குடித்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் தந்திருந்தால், உட்கார்ந்துகொண்டு வையுங்கள், தலைசுற்றும். வயாகரா வகை மாத்திரை எடுத்திருந்தால் அதை வைக்கவே கூடாது. எதுவானாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.