பதில்: பிரேக் பெடல் இறுகிவிட்டது, மிதித்தால் காற்றுச் சத்தம்

நண்பரே, பெடல் கல்லாக இறுகுகிறது, மிதித்தால் காலடியில் காற்று சீறுகிறது, என்ஜினும் தடுமாறுகிறது என்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து வந்தால் பிரேக் பூஸ்டரின் (காலின் அழுத்தத்தை என்ஜின் வெற்றிடத்தால் பெருக்கும் உறுப்பு) டயாஃப்ரம், அதாவது உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு, கிழிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சரிசெய்யும் வரை தயவுசெய்து வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

புதிய பூஸ்டர் வாங்கும் முன் ஒரு சோதனை. என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே என்ஜினை இயக்குங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் என்ஜினிலிருந்து பூஸ்டருக்கு வரும் வெற்றிடக் குழாயையும் அதன் ஒருவழி வால்வையும் பாருங்கள். பழுது அங்கேயே இருந்தால் பெரிய செலவு மிச்சம்.

பூஸ்டரையே மாற்ற வேண்டியிருந்தால், பல வண்டிகளில் பிரேக் குழாய்களைப் பிரிக்காமலேயே, அதன் முன்னால் இருந்து பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி முன்னால் நகர்த்தலாம். குழாய் மடங்கிவிடாமல் மெதுவாகச் செய்யுங்கள். பிரித்தால், பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும். சிலிண்டரின் பின்புறம் ஈரமாக இருக்கிறதா? அப்படியானால் அதன் சீல் கசிந்து, பிரேக் ஆயில்தான் பூஸ்டரைக் கெடுத்திருக்கிறது. சிலிண்டரையும் மாற்றாவிட்டால் புதிய பூஸ்டரும் வீணாகும்.

உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் கழற்ற வேண்டியவை பூஸ்டரின் நட்டுகளும் பெடல் பின்னும்தான். முதுகு வலிக்கும், அவ்வளவே.

பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும் தள்ளுதண்டின் நீளத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். அதிகமானால் பிரேக் விடாமல் பிடித்துச் சூடேறும், குறைந்தால் பெடல் ஆழமாக இறங்கும். தண்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய சரியான இடைவெளி உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். முடித்ததும் அதே பெடல் சோதனையைச் செய்து, ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.