டெங்கிக் காய்ச்சலுக்கு நாட்டு வைத்தியர் போதுமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: புளோக்குக்குக் கீழே சிவப்பு டெங்கிப் பதாகை, அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ஆனால் பலதுறை மருந்தகத்துக்கு வரமாட்டேன் என்கிறார், தேக்காவில் பல வருடமாகப் பார்க்கும் நாட்டு வைத்தியர் கொடுத்த நிலவேம்புக் கஷாயம் போதும் என்கிறார். என்ன செய்வது?

கஷாயத்துக்காக அம்மாவோடு சண்டை போடாதீர்கள், ஆனால் இன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிவப்புப் பதாகை என்றால் அந்த வட்டாரத்தில் 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்திருக்கிறது. 2020இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்ததை மறந்துவிட வேண்டாம்.

டெங்கியில் நம்மை ஏமாற்றுவது காய்ச்சல் விடும் நேரம்தான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும், மருந்து கேட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் அதே நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழ ஆரம்பிக்கும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த அசதி, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுதான். பப்பாளி இலைச்சாறு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஏற்றும் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, சரி, ஆனால் அந்தக் கசிவை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

வைத்தியரை எதிரியாக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில், நோயாளியைத் தொட்டால் பரவும் எபோலா வந்தவர்களைப் பார்த்துவந்த ஒரு நாட்டு வைத்தியர் தனக்கும் அது தொற்றி இறந்தார், அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் வழியாக நோய் ஊர் ஊராகப் பரவியது. அதே நாட்டில் பிறகு வைத்தியர்களே, "தொடாதே, சிகிச்சை மையத்துக்குப் போ" என்று நோயாளிகளை அனுப்பியபோது, அதிகாரிகள் சொல்லிக் கேட்காதவர்களும் கேட்டார்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான். நீங்களே வைத்தியருக்கு போன் போட்டு, "ஐயா, ரத்தம் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் தயங்கமாட்டார். டெஸ்ட் எல்லாம் வேண்டாம், நானே குணப்படுத்துகிறேன் என்றால் அவரை விட்டுவிடுங்கள். சீன மருத்துவர்களுக்கு இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயப் பதிவு உண்டு, சித்த வைத்தியர்களுக்கு அப்படி இல்லை, அதனால் விசாரிக்கும் பொறுப்பு நம்முடையது.

அப்புறம், வைத்தியர் பற்பம், செந்தூரம் என்று உலோகங்களைப் புடம் போட்டுச் செய்யும் பொடி எதுவும் கொடுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள், அவற்றில் பாதரசமோ ஈயமோ இருக்கலாம். அம்மா சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சாப்பிடுபவர் என்றால் டாக்டரைக் கேட்கும்வரை கஷாயமும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். அம்மா ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் அதையும் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கஷாயப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.